ஒப்பந்தச் சொல்லில் பிறக்கும் வியாஜ்யம்

கோர்ட்டில் வியாஜ்யம் என்றதும், மோசம் செய்தவன் ஒருவனும் மோசம் போனவன் ஒருவனும் எதிரெதிரே நிற்பதாகவே நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறோம். அத்தகைய வழக்குகள் இல்லாமலில்லை. எனினும், வியாபார ஒப்பந்தங்களைப் பற்றிய தீர்ப்புகளைப் புரட்டிப் பார்ப்போருக்கு வேறொரு வகையும் கண்ணிற்படும். இரு தரப்பாரும் நாணயஸ்தர்கள். ஒரே காகிதத்தில் கையெழுத்திட்டவர்கள். ஆயினும் அக்காகிதத்திலுள்ள ஒரு சொல்லுக்கு ஒருவர் ஒரு பொருளும் மற்றவர் வேறொரு பொருளும் கொண்டிருக்கின்றனர். கையெழுத்திட்ட அன்று இவ்வேற்றுமை இருவருக்குமே தெரிவதில்லை. சரக்கு வந்து இறங்கும்போதோ, சந்தையில் விலை புரளும்போதோ அது தலை காட்டுகிறது.

நூல் கொள்முதலும், பருத்தி விற்பனையும், வேட்டி புடவைகளுக்கான ஆர்டர்களும் எழுத்து மூலமாகவே நடைபெறும் இக்காலத்தில், இவ்விஷயத்தைச் சங்க அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். ஒரு பருவத்து உழைப்பின் பலன் முழுவதும் ஒரே ஒரு சொல்லின்மேல் நின்றுவிடக்கூடும். பருத்தியிலிருந்தே தொடங்குவோம். உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் இன்றும் கற்பிக்கப்படும் வழக்கொன்று நம் நாட்டுப் பருத்தியைப் பற்றியதே.

இரண்டு 'பியர்லெஸ்'

1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. வட மாநிலத்தாரின் கப்பற்படை தென் மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட்டு அடைத்தது. அமெரிக்கப் பருத்தியையே நம்பியிருந்த லங்காஷயர் ஆலைகள் பஞ்சின்றித் தவித்தன, தொழிலாளர்கள் வேலையிழந்தனர். அதுகாறும் மட்டமென்று ஒதுக்கப்பட்ட இந்தியப் பருத்திக்கு லிவர்பூல் சந்தையில் திடீரெனக் கிராக்கி ஏற்பட்டது. பம்பாயிலிருந்து கப்பல் கப்பலாகப் பருத்தி சென்றது. விலை நாளுக்கு நாள் ஏறியும் இறங்கியும் ஆடிய காலம் அது.

அச்சமயத்தில் ராபில்ஸ் என்னும் வியாபாரி, விச்சல்ஹவுஸ், புஷ் என்னும் இருவருக்கு 125 பேல் சூரத் பருத்தி விற்க உடன்பட்டார். ரகம் டோலேரா; விலை ராத்தல் ஒன்றுக்கு 17¼ பென்ஸ்; சரக்கு பம்பாயிலிருந்து 'பியர்லெஸ்' என்னும் கப்பலில் வரவேண்டியது. ரகமும் தரமும், அளவும் விலையும், கப்பலும் இடமும் யாவும் எழுதப்பட்டிருந்தன. இதைவிடத் தெளிவாக எழுத வேண்டியது என்ன இருக்கிறது என்றுதான் எவருக்கும் தோன்றும்.

பம்பாயிலிருந்து புறப்பட்ட 'பியர்லெஸ்' ஒன்றல்ல, இரண்டு! ஒன்று அக்டோபரில் பாய் விரித்தது, மற்றொன்று டிசம்பரில். வாங்குவோர் மனத்திலிருந்தது அக்டோபர்க் கப்பல். விற்பவர் சரக்கை ஏற்றியது டிசம்பர்க் கப்பலில். டிசம்பர்ச் சரக்கு வந்து சேர்ந்ததும் வாங்குவோர் அதை ஏற்க மறுத்தனர். விற்பவர் கோர்ட்டுக்குச் சென்றார். வழக்கு 1864இல் லண்டன் எக்ஸ்செக்கர் கோர்ட்டில் விசாரணைக்கு வந்தது.

விற்பவரின் வக்கீல் வாதித்ததாவது: வாங்குவோருக்கு வேண்டியது பருத்தி, சொன்ன தரத்தில் அது வந்திருக்கிறது, எந்தக் கப்பலில் வந்தால் என்ன? கப்பல் கடலில் மூழ்கினால் ஒப்பந்தம் முடிவுறும் என்பதற்காகவே கப்பலின் பெயர் எழுதப்படுகிறது. நீதிபதிகள் இதை ஏற்கவில்லை. ஒரே பெயருள்ள இரண்டு தோட்டங்களில் ஒன்றினது திராட்சை ரசத்தை வாங்கப் பேசியவனிடம் மற்றத் தோட்டத்துச் சரக்கைத் தள்ள முடியுமா என்பது அவர்களது வினா. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, ஒப்பந்தத்தின் முகத்தில் எந்தப் 'பியர்லெஸ்' என்பதற்கு அடையாளமே இல்லை, இரு தரப்பார் மனமும் ஒன்றுபடவில்லை, ஆகையால் ஒப்பந்தமே ஏற்படவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கோர்ட்டார் அவரை நிறுத்தி, வாங்குவோருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்துவிட்டனர். காரணம் எதையும் அவர்கள் எழுதிவைக்கவில்லை. அதனாலேயே சட்ட ஆசிரியர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அக்காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கின்றனர் போலும்.

சந்தை அசையாமல் நின்றிருந்தால், அக்டோபர்ச் சரக்குக்கும் டிசம்பர்ச் சரக்குக்கும் ஒரே விலை இருந்திருந்தால், இவ்வழக்குப் பிறந்தே இராது என்பது நமது எண்ணம். ஒப்பந்தத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து வரி வரியாகப் படிக்கும் ஆசை விலை மாறிய பிறகே மனிதருக்கு வருகிறது.

நம் சட்டம் சொல்லும் வெள்ளைக் குதிரை

இத்தகைய ஐயங்களை 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் இரு வகையாகப் பிரித்தது. அச்சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதீய சாக்ஷ்ய அதிநியமம் நடைமுறைக்கு வந்துள்ளது. எனினும் இப்பகுதியின் விதிகள் பெரும்பாலும் பழையபடியே தொடர்கின்றன. ஒரு குதிரையை 'ஆயிரம் ரூபாய்க்கு அல்லது ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு' விற்பதாக ஒருவன் எழுதிக்கொடுத்தால், குறை பத்திரத்தின் முகத்திலேயே தெரிகிறது என்று பழைய சட்டம் உதாரணம் காட்டிற்று. எந்த விலை என்பதைச் சாட்சி வைத்துச் சொல்லக் கோர்ட்டு இடங்கொடாது. எழுதத் தெரியாதவனுக்காகக் கோர்ட்டு பத்திரம் எழுதித் தராது.

'என் வெள்ளைக் குதிரை' என்று எழுதி, எழுதியவனிடம் இரண்டு வெள்ளைக் குதிரைகள் இருந்தால், விஷயம் வேறு. பத்திரத்தைப் படிக்கையில் ஐயம் எதுவும் இல்லை. லாயத்தைப் பார்க்கையில்தான் ஐயம் பிறக்கிறது. இங்கு, எந்தக் குதிரையைக் கருதினர் என்பதைக் காட்டும் சாட்சியம் அனுமதிக்கப்படும். 'பியர்லெஸ்' கப்பலும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. சாட்சியம் வைத்தும் ஒரு பொருள் நிலைபெறாதபோது ஒப்பந்தம் விழுந்துவிடுகிறது.

ஒப்பந்தச் சட்டமும் இதே ஆண்டில், 1872இல், பிறந்தது. அது இன்றும் வழக்கிலிருக்கிறது. பொருள் நிச்சயமில்லாத உடன்பாடு செல்லாது என்பது அதன் 29ஆம் பிரிவு. 'நூறு டன் எண்ணெய்' விற்பதாக ஒருவன் உடன்பட்டால் அது செல்லாது. எந்த எண்ணெய் என்பது தெரியவில்லை. ஆனால் அவன் தேங்காயெண்ணெய் ஒன்றையே வியாபாரம் செய்பவனாயிருந்தால் அதே சொற்கள் செல்லும்! அவன் தொழிலே சொல்லுக்குப் பொருள் தருகிறது. சங்கங்களின் காரியதரிசிகள் இவ்வுதாரணத்தை மனத்திற்கொள்ளவேண்டும். 40ஆம் நம்பர் நூல் ஒன்றையே வாங்கிவரும் சங்கம் 'நூல்' என்று மட்டும் எழுதினாலும் ஒருவாறு தப்பலாம். 40, 60, 80 என்று பல நம்பர் வாங்கும் சங்கம் அப்படி எழுதினால் தப்புவது அரிது.

ஆயிரம் முயல் எத்தனை?

ஊர் வழக்குச் சொற்களைக் கோர்ட்டு எவ்வாறு பார்க்கிறது என்பதற்கு 1832ஆம் ஆண்டின் ஆங்கில வழக்கொன்று சுவையான சான்று. முயல் வளர்க்கும் நிலமொன்றைக் குத்தகைக்கு எடுத்தவர், குத்தகை முடிவில் 10,000 முயல்களை விட்டுச்செல்லவேண்டும். ஆயிரத்துக்கு 60 பவுன் வீதம் நிலக்காரர் கிரயம் தரவேண்டும் என்பது ஏற்பாடு. கணக்குத் தீர்க்கும்போது நிலக்காரர், 'எங்கள் பக்கத்தில் முயலுக்கு ஆயிரம் என்றால் 1,200' என்றார். நூறு டஜனை ஆயிரம் என்று எண்ணுவது அவ்வூர் வழக்கமாம். ஆயிரம் என்ற எண்ணுக்குமா சாட்சி என்று நாம் வியப்படையலாம். கோர்ட்டோ அவ்வழக்கத்தைப் பற்றிய சாட்சியத்தை ஏற்றுக்கொண்டது. அவ்வூரில் முயலைப் பற்றிப் பேசுவோர் அப்படித்தான் பேசுவர் என்றால், ஒப்பந்தமும் அப்படித்தான் பேசுகிறது என்று கொள்ளவேண்டும்.

நம் சாட்சியச் சட்டத்திலும் இதற்கு இடமுண்டு. தொழிற்சொல், ஊர்ச்சொல், வழக்கொழிந்த சொல், சுருக்கக் குறி ஆகியவற்றின் பொருளைக் காட்டச் சாட்சியம் வைக்கலாம். ஆகவே நெல் 'மூட்டை'க்கு ஒரு பக்கத்தில் 60 கிலோ என்றும் இன்னொரு பக்கத்தில் 75 கிலோ என்றும் கணக்கிருக்கும்போது, 'நூறு மூட்டை' என்று எழுதி வெளியூர் வியாபாரியிடம் கையெழுத்து வாங்குவது வீண் வம்பு. பருத்திக்குக் 'கண்டி' என்று பேசுவோர் ஏறக்குறைய 356 கிலோவைக் கருதுகின்றனர். 'பேல்' என்போர் 170 கிலோவை. இவற்றைக் கோர்ட்டில் சாட்சி வைத்து மெய்ப்பிக்க முடியும் என்பது உண்மையே. ஆனால் சாட்சிக்குப் படி கொடுத்து, வாய்தா வாய்தாவாக அலைந்து மெய்ப்பிக்கும் ஒன்றை, எழுதும்போதே அடைப்புக்குறிக்குள் கிலோக் கணக்காகப் போட்டுவிட்டால் என்ன செலவாகிவிடும்?

கோழி என்பது எது?

சொல்லின் பொருளைக் கோர்ட்டு எப்படித் தேடுகிறது என்பதைப் படிப்படியாகக் காண விரும்புவோர், 1960இல் நியூயார்க்கில் நீதிபதி ஹென்றி பிரண்ட்லி அளித்த தீர்ப்பைப் பார்க்கவேண்டும். கோழி என்றால் என்ன என்பதே இவ்வழக்கின் கேள்வி என்று கூறித்தான் அவர் தீர்ப்பைத் தொடங்கினார்.

சுவிட்சர்லாந்துக் கம்பெனி ஒன்று நியூயார்க் கம்பெனி ஒன்றிடம் உறைய வைத்த கோழி வாங்க 1957 மே மாதத்தில் ஒப்பந்தம் செய்தது. முதல் ஒப்பந்தத்தில் இரண்டரை முதல் மூன்று ராத்தல் எடையுள்ளவை 75,000 ராத்தல், விலை ராத்தலுக்கு 33 சென்ட். ஒன்றரை முதல் இரண்டு ராத்தல் எடையுள்ளவை 25,000 ராத்தல், விலை 36½ சென்ட். சரக்கு போய்ச் சேர்ந்தது. பெரிய எடைக் கோழிகள் யாவும் முதிர்ந்தவை. குழம்பில் நெடுநேரம் வேகவைக்க ஆகுமேயன்றி, வறுக்கவோ வாட்டவோ ஆகா. 'கோழி என்றால் இளங்கோழி' என்றார் வாங்கியவர். 'கோழி என்றால் கோழி. கிழமும் கோழியே' என்றார் விற்றவர்.

நீதிபதி முதலில் ஒப்பந்தத்தையே பார்த்தார். 'கோழி' என்னும் சொல் தனியே நின்று இரு பொருளுக்கும் இடந்தந்தது. சிறிய எடையில் இளங்கோழி மட்டுமே கிடைக்குமாகையால் பெரியதும் இளமையாகவே இருக்கவேண்டும் என்ற வாதம் அவருக்கு வலுவாகப் படவில்லை. அடுத்து, பேரத்தின்போது நடந்த தந்திப் போக்குவரத்தைப் பார்த்தார். தந்திகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் இருக்க, இந்த ஒரு சொல் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. ஜெர்மன் சொல் கிழக்கோழிக்கும் பொது. ஆங்கிலச் சொல் இளங்கோழியைக் குறிக்கும் என்று எண்ணியே அதைப் பயன்படுத்தினோம் என்றனர் வாங்கியவர்கள். ஆனால் எந்த வகைக் கோழி வேண்டும் என்று விற்றவர் கேட்டபோது, எந்த வகையானாலும் சரி என்ற பதில் அவர்கள் தரப்பிலிருந்தே வந்திருந்தது. பொதுவான அந்த ஜெர்மன் சொல்லின் பொருள்தானா என்று கேட்டபோதும் ஆம் என்றே பதில் வந்திருந்தது.

பிறகு தொழில் வழக்கம். வியாபாரிகள் இரு புறமும் சாட்சி சொன்னார்கள். வாங்கியவர் தரப்புச் சாட்சி ஒருவர், கோழி என்றால் இளங்கோழியே என்று உறுதியாகச் சொன்னார். ஆனால் தம் சொந்த வியாபாரத்தில் அவர் இளங்கோழி வேண்டும்போது அதற்கென்றுள்ள தனிச் சொல்லையே எழுதி வந்திருந்தார்! நீதிபதி இதைக் கவனிக்கத் தவறவில்லை. ஒப்பந்தத்தில் அரசாங்கத் தரப் பரிசோதனை குறிப்பிடப்பட்டிருந்தது. அமெரிக்க விவசாய இலாகாவின் விதிகளோ கிழக்கோழியையும் கோழி வகைகளில் ஒன்றாகவே வைத்திருந்தன. கடைசியில் விலை. இளங்கோழி அப்போது சந்தையில் 35 முதல் 37 சென்ட் வரை விற்றது. 33 சென்டுக்குத் தருவதாக ஒப்புக்கொண்ட விற்பனையாளர் நஷ்டத்துக்கே ஒப்புக்கொண்டார் என்று எவ்வாறு கொள்வது?

இவ்வளவும் பார்த்தபின், பொதுவான சொல்லுக்குக் குறுகிய பொருள் உண்டு என்று கூறுபவரே அதை மெய்ப்பிக்கவேண்டும். வாங்கியவர் அதைச் செய்யவில்லை என்று வழக்கைத் தள்ளினார். நம் கருத்தில் இத்தீர்ப்பின் உயிர்நாடி இந்தச் சுமை விஷயம்தான். விற்றவர் சொன்ன பொருள்தான் சரி என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. சொல் நடுவில் நின்றது, மெய்ப்பிக்கவேண்டியவர் தோற்றார்.

ஒரு நெசவாளர் சங்கம் 'முதல் தர வேட்டி 1,000' என்று ஆர்டர் பெற்றிருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் தரம் என்றால் 80ஆம் நம்பர் நூலில் நெய்ததே என்று வாங்குபவர் பிறகு வாதித்தால், மேற்கண்ட படிகளெல்லாம் இங்கும் வரிசையாக வரும்: ஆர்டரில் என்ன உள்ளது, கடிதங்களில் என்ன எழுதினர், முன் தவணைகளில் எதை அனுப்பி எதை ஏற்றனர், சந்தையில் அந்நாளில் அந்த வேட்டிக்கு என்ன விலை. ஆகவே, கடிதங்களைக் கோப்பில் வரிசையாக வைத்திராத சங்கம் தன் சாட்சியைத் தானே தொலைத்த சங்கமாகும். தணிக்கைக்குச் செல்லும் இடங்களில் செலவுச் சீட்டுகள் பத்திரமாக இருப்பதையும், வியாபாரக் கடிதங்கள் நூல் கட்டோடு கட்டாகக் கிடப்பதையும் நாம் காணாமலில்லை.

காப்புறுதிப் பத்திரமும் கால்புள்ளியும்

சங்கக் கிடங்குகளுக்குக் காப்புறுதி செய்பவர்கள் 2004இல் நமது சுப்ரீம் கோர்ட்டு அளித்த இரு தீர்ப்புகளைச் சேர்த்துப் படித்தல் வேண்டும். ஒன்றில், அச்சகம் ஒன்றின் அருகே சாலை வேலைக்காக ஓட்டிய புல்டோசரின் அதிர்ச்சியால் கட்டடமும் இயந்திரமும் சேதமடைந்தன. வாகன 'மோதல்' என்று பத்திரத்தில் இருப்பதால் வண்டி நேரே வந்து இடித்திருக்கவேண்டும் என்றது காப்புறுதிக் கம்பெனி. ஆங்கிலப் பத்திரத்திலுள்ள அச்சொல்லுக்கு வலிய தாக்கம் என்ற பொருளும் உண்டு. பத்திரத்தை எழுதியது கம்பெனி. ஐயமான சொல்லை எழுதியவருக்கு எதிராகவே கொள்ளவேண்டும் என்று அச்சகத்தாருக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று.

மற்றதில், கிடங்கிலிருந்து சரக்குக் களவு போயிற்று. ஆனால் பூட்டு உடைக்கப்படவில்லை, பலாத்காரமாக நுழைந்ததற்கு அடையாளமில்லை. பத்திரமோ பலாத்கார நுழைவை வெளிப்படையாகவே கோரிற்று. களவு என்னவோ உண்மைதான். சொல்லும் தெளிவாக இருந்தது. நுகர்வோர் மன்றங்கள் தந்த நஷ்ட ஈட்டை சுப்ரீம் கோர்ட்டு ரத்துச் செய்துவிட்டது. சொல்லில் ஐயமிருந்தால்தான் எழுதியவருக்கு எதிரான விதி உதவிக்கு வரும். தெளிந்த சொல்லுக்கு முன் அனுதாபம் செல்லாது. கிடங்குச் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று அறியாத சங்கங்கள், தம் பத்திரத்தில் 'களவு' என்பதற்கு என்ன விளக்கம் அச்சிட்டிருக்கிறது என்பதை இன்றே எடுத்துப் பார்க்கட்டும்.

கானடாவில் ஒரு கால்புள்ளியே வழக்காயிற்று. கம்பங்களில் கம்பி இழுப்பதற்கு ரோஜர்ஸ், அலியன்ட் என்னும் இரு கம்பெனிகள் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்திருந்தன. பின்னும் ஐந்தைந்து ஆண்டுகளாக அது நீடிக்கும். ஓராண்டு நோட்டீஸ் கொடுத்து ரத்துச் செய்யலாம். ரத்துச் செய்யும் உரிமை முதல் ஐந்தாண்டுக்கும் பொருந்துமா, நீட்டிப்புக்கு மட்டுமா? 2006இல் அந்நாட்டுத் தந்தித் தொடர்பு ஆணையம், ஒரு கால்புள்ளியின் இடத்தைக் காட்டி, முதல் ஐந்தாண்டுக்கும் பொருந்தும் என்றது. இதே ஒப்பந்த மாதிரிக்குப் பிரெஞ்சு வடிவமும் உண்டு. அதில் இந்த ஐயமே இல்லை. அதைக் காட்டி 2007இல் முடிவு மாற்றப்பட்டது.

இது நமக்கு நேரே பொருந்தும் விஷயம். சங்கத் தீர்மானம் தமிழில். வியாபாரியின் ஒப்பந்தம் ஆங்கிலத்தில். கையெழுத்திடும் தலைவர் தமிழ்ப் பிரதியைப் படித்திருப்பார், ஆங்கிலத்தை 'அதேதான்' என்று பிறர் சொல்லக் கேட்டிருப்பார். இரண்டும் வேறுபட்டால் எந்தப் பிரதி செல்லும் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்காவிடில், எந்தப் பிரதி என்பதே முதல் வழக்காகிவிடும்.

எங்கே செல்வது?

சங்கத்துக்கும் அங்கத்தினருக்கும் சங்க வியாபாரம் தொடர்பாக எழும் தகராறுகள், 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 90ஆம் பிரிவின்படி பதிவாளரிடம் செல்லவேண்டியவை. கைத்தறிச் சங்கங்களுக்குக் கைத்தறித் துறை இயக்குநரே அவ்வதிகாரத்தைச் செலுத்துகிறார். வெளி வியாபாரியுடன் வரும் தகராறு சிவில் கோர்ட்டுக்குரியது. வியாபாரத் தகராறில் தாவாத் தொகை 3 லட்ச ரூபாய்க்குக் குறையாதிருந்தால் 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டம் பொருந்தும். அவசரப் பரிகாரம் கோராத வழக்கில், தாக்கல் செய்யுமுன் சமரச முயற்சி கட்டாயம். சொல்லின் பொருளைப் பற்றிய சண்டைக்குச் சமரசம் மிகவும் ஏற்ற இடம் என்பது நமது அபிப்பிராயம். அங்கே, சொல்லின் பொருள் எதுவாயினும், மீதிச் சரக்கை என்ன விலைக்கு எடுத்துக்கொள்வது என்று பேசி முடிக்கலாம். கோர்ட்டில் ஒருவர் வென்றே ஆகவேண்டும்.

சொல்லால் விளக்க இயலாத தரத்துக்குச் சட்டமே வேறொரு வழி வைத்திருக்கிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, மாதிரி காட்டி விற்ற சரக்கு முழுவதும் தரத்தில் மாதிரியை ஒத்திருக்கவேண்டும். பார்த்து ஒப்பிட வாங்குபவருக்கு வாய்ப்பும் தரவேண்டும். சாயத்தின் அடர்த்தி, கரையின் அகலம், துணியின் நெருக்கம் ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல அகராதி இல்லை. ஆர்டர் எடுக்கும் நாளில் ஒரு துணியை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் இரு தரப்பார் கையெழுத்தும் தேதியும் உள்ள சீட்டைத் தைத்து, ஒன்றை வாங்குபவரிடம் கொடுத்து, மற்றதைச் சங்கப் பெட்டியில் வைத்துப் பூட்டவேண்டும். அதன் எண்ணை ஒப்பந்தத்திலும் எழுதவேண்டும்.